கல்லூரி பேஸ்கட்பாலில் ‘ஜெனரல் மேனேஜர்’: நிஜமான வேலையா, வெறும் பெயர்ப் பலகையா?

முக்கோணவாசி | 12 ஜூலை 2025

எங்க அப்பா ரயில்வேயில் இருந்து ரிட்டயர் ஆனவர். அவருக்கு ஜெனரல் மேனேஜர், அதாவது ஜிஎம், என்றால் ரயில்வே ஜிஎம் ஒரே ஆள்தான். அவர் இன்ஸ்பெக்‌ஷன் வருகிறார் என்று தெரிந்தால் ஸ்டேஷன் பூந்தொட்டிக்குக்கூட காவி அடிப்பார்கள். போன வாரம் வீடியோ காலில், "டியூக் டீமுக்கு ஒரு ஜிஎம் இருக்காங்க, இப்ப நார்த் கரோலினாவும் ஒருத்தரைப் போட்டிருக்கு" என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டேன். "காலேஜ் பசங்க பந்து போடறதுக்கு ஜிஎம் எதுக்குடா?" என்றார். பதில் சொல்ல வாயெடுத்தவன் பாதியில் முழித்தேன். அதனால்தான் இந்த இழை.

2009 முதல் நான் நார்த் கரோலினா மாநிலத்தின் கேரியில் இருக்கிறேன். டியூக்குக்கும், நார்த் கரோலினா யுனிவர்சிட்டி இருக்கும் சேப்பல் ஹில்லுக்கும் நடுவே 10 மைல்தான். நான் வந்த புதிதில் இரண்டு பக்கமும் கோச்தான் எல்லாம். டியூக்கில் கோச் கே, சேப்பல் ஹில்லில் ராய் வில்லியம்ஸ். யாரைச் சேர்ப்பது, யாரை உட்காரவைப்பது, எந்தப் பையன் வீட்டுக்குப் போய் அம்மாவிடம் உட்கார்ந்து பேசுவது, எல்லாம் அவர்கள் வைத்ததுதான் சட்டம். 2021-ல் ராய் ஓய்வு பெற்றார், 2022-ல் கோச் கே-யும். அவர் இடத்துக்கு ஜான் ஷையர் கோச்சாக வந்த சூட்டோடு, அந்த ஜூனிலேயே, டியூக் ரேச்சல் பேக்கரை ஜிஎம் ஆக்கியது. நைக்கியிலும், ப்ரொஃபஷனல் லீக்கான என்பிஏவிலும் வேலை பார்த்தவர்; கோச்சிங் பக்கமே வந்தவர் இல்லை. அப்போது எங்கள் ஆபீஸில் சிரித்தோம். இந்த பிப்ரவரியில் நார்த் கரோலினா ஜிம் டேனரைக் கொண்டுவந்தது. டிம் டங்கன், ரே ஆலன் போன்றவர்களுக்கு ஏஜென்டாக இருந்தவர். சம்பளம் 8,50,000 டாலர் என்று செய்தி வந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள். இவர்கள் காலையில் ஆபீஸுக்குப் போய் என்னதான் செய்கிறார்கள்? கோச் இவர்களுக்கு மேலா, கீழா?

---

விடிகாலை_பார்வையாளன் | 12 ஜூலை

சென்னையிலிருந்து. மார்ச் மாதம் முழுக்க விடிகாலை 5 மணிக்கு எழுந்து காலேஜ் டோர்னமெண்ட் மேட்ச் பார்க்கிற ஜாதி நான். சுலபமா ஐபிஎல் மாதிரின்னு வெச்சுக்கலாமே? ஒரு பர்ஸ், அதுக்குள்ள டீம் கட்டணும். அதைப் பார்க்க ஒரு ஆள். இதுல என்ன குழப்பம்?

---

கணக்கப்பிள்ளை | 13 ஜூலை

பர்ஸ் வரைக்கும் சரி. மற்றது சரியில்லை. ஐபிஎல்லில் எடுத்த ஆளை வைத்துக்கொள்வதா விடுவதா என்பது அணியின் கையில். இங்கே அது ஆட்டக்காரன் கையில். சீசன் முடிந்ததும் ஒரு படிவம் போட்டால் போதும், டிரான்ஸ்ஃபர் போர்ட்டலில், அதாவது வேறு கல்லூரிக்கு மாற விரும்புகிறவர்கள் பட்டியலில், பெயர் ஏறிவிடும். அடுத்த நிமிடம் எந்தப் பள்ளியும் (இங்கே கல்லூரியைத்தான் அப்படிச் சொல்கிறோம்) அவனைக் கூப்பிடலாம். வருஷா வருஷம் மொத்த அணியும் ஏலத்துக்குப் போகிறது, விற்கிறவனே சரக்கு என்று வேண்டுமானால் சொல்லலாம்.

இது ஒரே நாளில் வந்ததல்ல. போர்ட்டல் 2018 அக்டோபரில் வந்தது. அப்போது இடம் மாறினால் பெரும்பாலும் ஒரு வருஷம் ஆடாமல் உட்கார வேண்டும், அதனால் யாரும் சட்டென்று கிளம்பவில்லை. 2021 ஏப்ரலில் ஒரு தடவை மாறினால் உட்கார வேண்டாம் என்றார்கள். அதே ஆண்டு ஜூன் 21-ல் ஆல்ஸ்டன் வழக்கில் உச்ச நீதிமன்றம் 9-0 என்று, கல்லூரி விளையாட்டை நடத்தும் அமைப்பான என்சிஏஏவின் தலையில் குட்டியது. பத்தே நாளில், ஜூலை 1-ல், தன் பெயரையும் முகத்தையும் வைத்து மாணவன் சம்பாதிக்கலாம் என்ற என்ஐஎல் கதவு திறந்தது. 2024-ல் எத்தனை தடவை வேண்டுமானாலும் மாறலாம் என்றாகிவிட்டது. இந்த ஜூன் 6-ல், ஆட்டக்காரர்களுக்குப் பணம் தருவது பற்றிய ஹவுஸ் வழக்கின் சமரசத்தை நீதிபதி கிளாடியா வில்கன் ஏற்றுக்கொண்டார். ஜூலை 1 முதல் பல்கலைக்கழகமே நேரடியாகப் பணம் கொடுக்கலாம். முதல் ஆண்டுக்கு, ஒரு பள்ளிக்கு, எல்லா விளையாட்டுக்கும் சேர்த்து உச்சவரம்பு சுமார் 2.05 கோடி டாலர்.

இடம் மாறும் சுதந்திரம் மட்டும் வந்திருந்தால் கோச்சே சமாளித்திருப்பார். பணம் மட்டும் வந்திருந்தாலும் சமாளித்திருப்பார். இரண்டும் சேர்ந்ததுதான் வினை.

அந்த 2.05 கோடியைப் பார்த்து வாயைப் பிளக்காதீர்கள். பெரிய பள்ளிகளில் முக்கால் பங்கு அமெரிக்க ஃபுட்பாலுக்கு, 15 சதவீதம் ஆண்கள் பேஸ்கட்பாலுக்கு என்பதுதான் பரவலாகப் பேசப்படும் கணக்கு. அப்படியானால் கையில் வருவது 30 லட்சம் சொச்சம். ஹவுஸ் சமரசம் ரோஸ்டரில் (அணிப் பட்டியலில்) 15 பேர் வரை அனுமதிக்கிறது. இங்கேதான் பிக் ஈஸ்ட் என்ற கான்ஃபரன்ஸின் (கல்லூரிகளின் லீக்) பள்ளிகள் மீசையை முறுக்குகின்றன: பெரிய ஃபுட்பால் கிடையாது, ஆகவே அந்த முக்கால் பங்கைச் சாப்பிட ஆள் இல்லை.

---

பழைய_பாயிண்ட்கார்டு | 13 ஜூலை

கணக்கு எல்லாம் அழகா இருக்கு. ஆனா ஒண்ணு கேக்கறேன். 2017 செப்டம்பர்ல எஃப்பிஐ 10 பேரைத் தூக்குச்சே, அதுல 4 பேர் அசிஸ்டண்ட் கோச். என்ன குத்தம்? பசங்க குடும்பத்துக்குப் பணம் போன விவகாரம். ஷூ கம்பெனி ஆள், இடைத்தரகர், எல்லாரும் சிக்கினாங்க. இன்னிக்கு அதே வேலைக்கு விசிட்டிங் கார்டு அடிச்சு, ‘ஜெனரல் மேனேஜர்’னு போட்டு, மெடிக்கல் இன்ஷூரன்ஸ் குடுத்து உக்கார வெச்சிருக்காங்க. பையில போனது பேங்க்ல போகுது. அவ்ளோதான் பரிணாம வளர்ச்சி.

---

முக்கோணவாசி | 13 ஜூலை

பாயிண்ட்கார்டு அண்ணே, சிரித்துவிட்டேன். ஆனால் பை காலத்தில் இல்லாத ஒரு தலைவலி இப்போது இருக்கிறது: எல்லோருக்கும் எல்லோருடைய விலையும் தெரியும்.

மயாமி யுனிவர்சிட்டி கதை ஞாபகம் இருக்கிறதா? 2022 ஏப்ரலில் கேன்சஸ் ஸ்டேட்டிலிருந்து நைஜல் பேக் வந்தான். லைஃப்வாலட் என்ற நிறுவனத்தோடு இரண்டு வருஷத்துக்கு 8 லட்சம் டாலர், கூடவே ஒரு கார். கொடுத்தவர் அதை ஊரறியச் சொன்னார். மறு வாரமே, ஏற்கெனவே அங்கே ஆடிக்கொண்டிருந்த ஐசையா வாங்கின் ஏஜென்ட், என் பையனுக்கும் கூட்டிக் கொடுக்காவிட்டால் அவன் போர்ட்டலுக்குப் போவான் என்று பத்திரிகையிலேயே சொல்லிவிட்டார். கூட்டுக்குடும்பத்தில் மூத்த மருமகளுக்கும் இளைய மருமகளுக்கும் எடுத்த புடவை விலை வெளியே தெரிந்தால் என்ன நடக்குமோ அதுதான். வாங் கடைசியில் போகவில்லை, அடுத்த ஆண்டு இருவரும் சேர்ந்து ஃபைனல் ஃபோர் (டோர்னமெண்டின் கடைசி நாலு அணி) வரை போனார்கள்.

அதற்கப்புறம்தான் விசேஷம். ஃபைனல் ஃபோர் முடிந்து முதல் தடவை பேச உட்கார்ந்தபோதே எட்டுப் பேர் போகிறேன் என்றார்களாம். கோச் ஜிம் லாரன்யாகா 2024 டிசம்பரில், சீசன் நடுவில், பொறுப்பை விட்டபோது இதைத்தான் சொன்னார். 75 வயது மனிதர். அவரிடம் போய் ஒவ்வொரு பையனின் விலையையும் பேசு என்றால்?

---

பெஞ்ச்சில்_12வது | 14 ஜூலை

ரொம்ப நாளா படிச்சுட்டு மட்டும் இருந்தேன். இதுக்கு எழுதியே ஆகணும்.

நான் ஒரு மிட்-மேஜர் ஸ்கூல்ல, அதாவது பெரிய கான்ஃபரன்ஸ்ல இல்லாத ஸ்கூல்ல, ஸ்டூடண்ட் மேனேஜர். மேனேஜர்னதும் பெருசா நினைச்சுடாதீங்க. டவல் மடிக்கறது, ரீபவுண்ட் எடுத்துப் போடறது, ராத்திரி உக்காந்து வீடியோ வெட்டறது. ஸ்கூல் பேர் சொல்ல மாட்டேன், சொன்னாலும் உங்கள்ல பாதிப் பேருக்குத் தெரியாது. எங்களுக்கும் போன வருஷம் ஒரு ஜிஎம் வந்தார். அதுக்கு முன்னாடி அதே டீம்ல ஆபரேஷன்ஸ் பார்த்தவர், அதாவது பஸ் புக் பண்றது, ஹோட்டல்ல பாஸ்தா சொல்றது. அவர் ஆபீஸ்ல ஏப்ரல் முழுக்க நான் இருந்தேன், அதைச் சொல்றேன்.

சுவத்துல ஒரு வெள்ளைப் பலகை. அதுல 15 காந்த வில்லை, ஒவ்வொண்ணுலயும் ஒரு பேர். பச்சைன்னா இருக்கான், மஞ்சள்னா யோசிக்கறான், சிவப்புன்னா கிளம்பறான். மார்ச் 24 திங்கக்கிழமை போர்ட்டல் திறந்துச்சு. டோர்னமெண்ட் பாதில இருக்கறப்பவே. அன்னிக்குக் காலைல பச்சைல இருந்த எங்க டாப் ஸ்கோரர் மத்தியானம் சாப்பாட்டுக்குள்ள சிவப்பு. ஜிஎம் அந்த வில்லையை நகத்தால நோண்டி எடுத்தார். எடுத்த இடத்துல வட்டமா ஒரு தடம். அதை ஈரத் துணி போட்டுத் துடைக்கச் சொன்னார், ஏன்னா சாயங்காலம் வேற ஒரு பையன் அம்மாவோட விசிட் வர்றான், தடம் தெரியக் கூடாது.

அப்புறம் அவர் எக்செல் ஷீட். எத்தனை பாயிண்ட், கென்பாம் (புள்ளிவிவர சைட்) நம்பர், எத்தனை வருஷம் பாக்கி, என்ன கேக்கறான், இதெல்லாம் எல்லார்கிட்டயும் இருக்கும். அவர் ஷீட்ல கடைசியா ஒரு கட்டம் இருக்கு: ‘முடிவு யார் கையில்’. அதுல அம்மா, மாமா, ஏஜென்ட், பழைய ஏஏயூ (ஹைஸ்கூலுக்கு வெளில ஆடற கிளப் டீம்) கோச், ஒருத்தனுக்கு ‘பாட்டி (அவங்க கிட்ட மட்டும் பேசு)’. கோச் போன் பண்றதுக்கு முன்னாடி அந்தக் கட்டத்தைத்தான் பார்ப்பார்.

ஏஜென்ட் போன் வந்தா ஸ்பீக்கர்ல போட்டுட்டு வாயைக் கையால பொத்திக்குவார், நாங்க சிரிச்சுடக் கூடாதுன்னு என்னையும் முறைப்பார். சென்டர் பொசிஷன் ஆடற ஒரு பையனுக்கு ஒரு ஏஜென்ட் சொன்ன தொகை எங்க மொத்த பட்ஜெட்ல பாதி. "யோசிச்சுச் சொல்றோம்"னு மரியாதையா வெச்சுட்டு, ஷீட்ல அந்த வரிசையைச் சாம்பல் கலர் ஆக்கினார். அழிக்கலை. "பதினஞ்சு நாள்ல இவனே பாதி விலைக்கு வருவான்"னார். வந்தான். அதுக்குள்ள எங்களுக்குக் காசு தீந்துடுச்சு, அது வேற கதை.

பணம் பேசறது வேலைல கால்வாசிதான். ஒரு பையன் சரின்னுட்டான், அவன் பழைய காலேஜ் கிரெடிட்டுல பாதியை எங்க ரெஜிஸ்ட்ரார் ஏத்துக்கலை, ஆடத் தகுதி வராது, போச்சு. இன்னொருத்தன் முட்டி எம்ஆர்ஐ ரிப்போர்ட்டைப் பழைய ஸ்கூல்ல இருந்து வாங்க ஒம்பது போன். அபார்ட்மெண்ட் லீஸ். சம்மர் கிளாஸ். ஏழடிப் பையனுக்குக் கட்டில், அது மாடிப்படில திரும்ப மாட்டேங்குது. எல்லாமே ஜிஎம் தலைலதான்.

கோச் மேலயா கீழயான்னு கேட்டீங்க. ஒரு நாள் கோச் வந்து, "எனக்கு அந்த ஷூட்டர் வேணும்"னார். ஜிஎம் ‘முடியாது’ன்னு சொல்லலை. பலகைகிட்டப் போய் அந்த ஷூட்டர் பேரை வெச்சார், ரெண்டு பிக் மேன் (நெட்டைப் பசங்க) வில்லையை எடுத்துக் கீழ வெச்சார், ஒண்ணும் பேசாம நின்னார். கோச் அரை நிமிஷம் பார்த்தார். அவரே ஷூட்டரை எடுத்துட்டு, ரெண்டு பிக்கையும் திரும்ப ஒட்டிட்டுப் போயிட்டார். எங்க ஊர்ல ஜிஎம்மோட அதிகாரம் அந்த அரை நிமிஷம்தான்.

---

பழைய_பாயிண்ட்கார்டு | 14 ஜூலை

தம்பி, நீ டவல் மடிக்கற ஆள் இல்ல. விசிட்டிங் கார்டு பத்தி நான் சொன்னதுல பாதியை வாபஸ் வாங்கிக்கறேன். மீதிப் பாதி நிக்குது.

---

ஃப்ரிஸ்கோ_அம்மா | 14 ஜூலை

நீங்க எல்லாரும் டீம் பக்கத்துல இருந்து பேசறீங்க. நான் பலகைக்கு வெளில இருக்கற வில்லையோட அம்மா. பையனுக்கு 16, ஆறடி ஒரு அங்குலம், ஏஏயூ ஆடறான். வார இறுதி முழுக்க ஹூஸ்டன், சான் ஆன்டோனியோன்னு காரை ஓட்டிட்டே இருக்கேன், பின் சீட்ல தயிர்சாத டப்பா. முன்னெல்லாம் அசிஸ்டண்ட் கோச் வந்து கோர்ட் ஓரமா நிப்பாங்க, கை குடுப்பாங்க. இப்ப வர்றவங்க குறைஞ்சுட்டாங்கன்னு சீனியர் பசங்களோட பேரண்ட்ஸ் எல்லாம் சொல்றாங்க. நிஜமா? ஹைஸ்கூல் பசங்களை இந்த ஜிஎம்கள் பார்க்கறாங்களா இல்லையா?

---

கணக்கப்பிள்ளை | 15 ஜூலை

அம்மா, கசப்பாக இருந்தாலும் சொல்கிறேன். ஹைஸ்கூல் ரேங்கில் முதல் 50, 100 இடத்தில் இருக்கும் பையனுக்கு ஒரு மாற்றமும் இல்லை, அவனுக்குச் சந்தை இன்னும் சூடுதான். அதற்குக் கீழே உள்ளவனுக்குத்தான் அடி. 18 வயதுப் பையனை எடுத்து, இரண்டு வருஷம் வளர்த்து, மூன்றாம் வருஷம் அவன் நன்றாக ஆடும்போது இன்னொரு பள்ளி கொத்திக்கொண்டு போகும் என்றால், ஜிஎம் என்ன கணக்குப் போடுவார்? வேறொருவன் வளர்த்த 22 வயதுப் பையனையே வாங்கிக்கொள்வார். கோவிட் ஆண்டில் எல்லோருக்கும் ஆட ஒரு வருஷம் கூடுதலாகக் கொடுத்ததில், மூத்த பசங்களின் கூட்டம் இத்தனை நாளாகக் கலையாமல் இருந்தது. அது இப்போதுதான் வடிகிறது. உங்கள் பையன் வரும் நேரத்தில் கொஞ்சம் இடம் திறக்கும்.

சின்னப் பள்ளியில் தொடங்கி மேலே போவது இப்போது அவமானம் இல்லை, அதுதான் பாதை. இந்த ஏப்ரலில் சாம்பியன் ஆன ஃப்ளோரிடாவைப் பாருங்கள். வால்டர் கிளேட்டன் ஐயோனாவிலிருந்து வந்தவன், அலைஜா மார்ட்டின் ஃப்ளோரிடா அட்லாண்டிக், வில் ரிச்சர்ட் பெல்மான்ட். பந்தைக் கொண்டுபோகும் கார்டு இடத்தில் ஆடிய இந்த மூவரும் வேறு வேறு சின்ன வீட்டில் வளர்ந்த பிள்ளைகள். ஹூஸ்டனை 65-63 என்று ஜெயித்த அந்த ராத்திரி கோர்ட்டில் நின்ற அணி மார்ச்சில் மலர்ந்ததல்ல, போர்ட்டலில் தேடித் தேடிக் கோத்தது.

---

விடிகாலை_பார்வையாளன் | 15 ஜூலை

அப்ப சின்ன ஸ்கூல் எல்லாம் நாற்றங்கால்தானா? 2022-ல குட்டி ஸ்கூலான செயின்ட் பீட்டர்ஸ் எலைட் எயிட் (கடைசி எட்டு) போனதுக்கு நான் ஆபீஸுக்கே லீவு போட்டேன். இந்த வருஷம் கடைசி 16-ல ஒரு சின்ன டீம் கூட இல்லை. பதினாறும் நாலே நாலு பெரிய கான்ஃபரன்ஸ். ஃபைனல் ஃபோர்ல நாலும் நம்பர் ஒன் சீட், அதாவது தரவரிசைல உச்சத்துல வெச்ச டீம். தூக்கத்தைக் கெடுத்துட்டு இதைப் பார்க்கவா எழுந்தேன்?

---

முக்கோணவாசி | 15 ஜூலை

நாற்றங்கால் என்ற சொல் சரியான சொல். அதற்கு செயின்ட் பொனவென்ச்சரை விட நல்ல உதாரணம் இல்லை. 2022 வசந்தத்தில் அவர்களுடைய ஐந்து ஸ்டார்ட்டர்களும் போனார்கள். கைல் லாஃப்டன் ஃப்ளோரிடாவுக்கு, ஒசன் ஒசுனியியும் ஜாரன் ஹோம்ஸும் அயோவா ஸ்டேட்டுக்கு, டொமினிக் வெல்ச் அலபாமாவுக்கு, ஐந்தாமவன் ப்ரொஃபஷனலாக. நியூயார்க் மாநிலத்தின் மேற்குக் கோடியில், பனி கொட்டும் ஊரில், ஒரு குட்டிக் கத்தோலிக்கப் பள்ளி. அறுவடை முடிந்த வயல்.

இரண்டு வருஷம் கழித்து, 2024 செப்டம்பரில், அதே பள்ளியின் பழைய மாணவர், என்பிஏ செய்திகளை முந்தித் தரும் நிருபர் ஏட்ரியன் வோஜ்னரோவ்ஸ்கி ஈஎஸ்பிஎன்னை விட்டுவிட்டு அங்கே ஜிஎம் ஆகப் போனார். வருஷத்துக்கு 70 லட்சம் டாலர் வாங்கிக்கொண்டிருந்தவர், 75,000 டாலர் வேலைக்குப் போகிறார் என்று செய்தி. பைத்தியமா என்று கேட்டவர்கள் உண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முப்பது வருஷமாக அவர் வேலையே, எந்த ஏஜென்ட் எப்போது போனை எடுப்பான் என்று தெரிந்து வைத்திருப்பது. பணமில்லாத பள்ளிக்கு அந்த போன் புத்தகம் எத்தனை லட்சம் பெறும்!

---

பழைய_பாயிண்ட்கார்டு | 15 ஜூலை

வோஜ் சரி, மனுஷன் மூட்டை கட்டிட்டு ஊருக்கே போயிட்டார். மத்த பெரிய மனுஷங்க, என்பிஏ ஸ்டாருங்க? மார்ச்ல ஸ்டெஃப் கரி டேவிட்சனுக்கு அசிஸ்டண்ட் ஜிஎம்னாங்க. ட்ரே யங் ஓக்லஹோமாவுக்கு அசிஸ்டண்ட் ஜிஎம். ஏப்ரல்ல ஷாக் (ஷகீல் ஓ’நீல்) சாக்ரமெண்டோ ஸ்டேட்டுக்கு ஜிஎம், சம்பளம் வேண்டாம்னுட்டார், மகன் அங்கதான் ஆடப் போறான். கரி ராத்திரி தன் என்பிஏ டீம் வாரியர்ஸ் மேட்ச் ஆடிட்டு வந்து ரெஜிஸ்ட்ரார் ஆபீஸ்ல கிரெடிட் சரி பார்ப்பாரா? கட்டில் தூக்குவாரா? கோயில் கும்பாபிஷேக நோட்டீஸ்ல ‘முன்னிலை’ன்னு போடுவாங்களே, அதுதான் இது.

---

கணக்கப்பிள்ளை | 16 ஜூலை

முன்னிலை என்பது நல்ல உவமை. ஆனால் முன்னிலை வகிப்பவர் பெயரைப் பார்த்துத்தான் உண்டியல் நிறைகிறது. டேவிட்சனில் கரியை அறிவித்த கையோடு ஆண்கள், பெண்கள் அணிகளுக்காக 8 இலக்கத்தில் ஒரு நிதி என்றார்கள். ட்ரே யங் 10 லட்சம் டாலர் தருவதாகச் சொன்னார். டேவிட்சனில் கட்டில் தூக்க முழுநேர ஜிஎம் தனியாக இருக்கிறார். பெயர் ஒன்று, வேலை இரண்டு. இதைக் குழப்பிக்கொள்வதால்தான் பாதிச் சண்டை.

---

எஃப்1_ஏழுமலை | 16 ஜூலை

இந்த இழையில் எனக்கு ஒரு உரிமை இருக்கிறது, என் பாஸ்போர்ட்டில் எஃப்-1 (மாணவர் விசா) முத்திரை இருப்பதால். பிஎச்டி நான்காம் வருஷம். கேம்பஸில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் வேலை செய்யக் கூடாது, வெளியே காபி ஆற்றக்கூடக் கூடாது என்பது நமக்கு மனப்பாடம். அதே விசாதான் செர்பியாவிலிருந்து வரும் ஏழடிப் பையனுக்கும்.

என்ஐஎல் வந்த புதிதில் இது பெரிய கூத்து. 2022-ல் நாட்டின் சிறந்த ஆட்டக்காரன் கென்டக்கியின் ஆஸ்கர் ஷீப்வே, காங்கோ நாட்டுக்காரன். அமெரிக்க மண்ணில் விளம்பரத்துக்கு நின்றால் அது ‘வேலை’. அந்த ஆகஸ்டில் அணி பஹாமாஸுக்குப் போனபோது, அங்கே வைத்து ஒப்பந்த வேலைகளை முடித்தார்கள். கடல் கடந்தால் விசா கடிக்காது! பர்டூவின் சாக் ஈடி, கனடாக்காரன், இரண்டு வருஷம் தொடர்ந்து சிறந்த ஆட்டக்காரன். கூட ஆடியவர்கள் கடை கடையாக விளம்பரத்தில் சிரிக்க, இவன் வேடிக்கை பார்த்தான்.

இப்போது ஐரோப்பாவிலிருந்து கூட்டமாக வருகிறார்கள். இல்லினாய் பார்சலோனாவிலிருந்து ஜகுசியோனிஸை எடுத்தது, பிஒய்யு ரியல் மாட்ரிடிலிருந்து எகோர் டியோமினை. இனிமேல் பள்ளியே கொடுக்கும் பங்குப் பணம் ‘சம்பளமா’, சும்மா இருந்து வரும் வருமானமா? வக்கீல்கள் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறார்கள். ஆக ஜிஎம் மேசையில் கென்பாமோடு குடியேற்றச் சட்டமும் திறந்திருக்கும். எங்கள் இன்டர்நேஷனல் ஆபீஸில் எனக்கு அப்பாயின்ட்மெண்ட் கிடைக்க மூன்று வாரம். அந்தப் பையனுக்கு எத்தனை நாள் என்று பெஞ்ச் தம்பி சொல்லட்டும்.

---

பெஞ்ச்சில்_12வது | 16 ஜூலை

மறுநாள் காலைல அண்ணே. ஜிஎம் கூடவே நடந்து போனார். சாரி.

---

எஃப்1_ஏழுமலை | 16 ஜூலை

நான் மூன்று அங்குலம் உயரமாகப் பிறந்திருக்கலாம். சரி, பதினைந்து அங்குலம்.

---

முக்கோணவாசி | 17 ஜூலை

நான் கேட்ட இரண்டாவது கேள்விக்கு இன்னும் முழுப் பதில் வரவில்லை. பெஞ்ச் தம்பி சொன்ன அரை நிமிஷம் அழகு. ஆனால் அது அந்த இரண்டு பேரின் குணத்தைப் பொறுத்தது. கோச் வேறு மாதிரி ஆளாக இருந்தால்?

ஃபுட்பாலில் ஒரு பள்ளி இதைத் தலைகீழாக மாற்றிவிட்டது. ஸ்டான்ஃபோர்ட் 2024 நவம்பரில் பழைய ஃபுட்பால் ஸ்டார் ஆண்ட்ரூ லக்கை ஜிஎம் ஆக்கி, கோச்சை அவருக்குக் கீழே வைத்தது. நாலே மாதம், இந்த மார்ச்சில், கோச் டிராய் டெய்லரை லக்தான் அனுப்பினார். பேஸ்கட்பாலில் நாம் பேசிய யாருக்கும் அந்த அதிகாரம் இருப்பதாகத் தெரியவில்லை. பெரும்பாலான இடத்தில் கோச் தேர்ந்தெடுத்த ஆள்தான் ஜிஎம். தன்னை வேலைக்கு வைத்தவரிடம் ‘காசில்லை’ என்று எத்தனை தடவை சொல்ல முடியும்?

வில்லனோவாவைக் கவனியுங்கள். 2023-ல் பேக்கர் டன்லீவி, குவினிபியாக்கில் தலைமைக் கோச்சாக இருந்தவர், அந்த நாற்காலியை விட்டுவிட்டு வில்லனோவாவுக்கு ஜிஎம் ஆக வந்தார். அண்ணன் மைக் டன்லீவி ஜூனியர்தான் வாரியர்ஸின் ஜிஎம், குடும்பத் தொழில்! ஒரு தலைமைக் கோச்சே கோச்சிங்கை விட்டு இந்தப் பக்கம் வருகிறார் என்றபோதுதான் எனக்கு இது வெறும் பெயர்ப் பலகை இல்லை என்று பட்டது. ஆனால் அணி தடுமாறியபோது, இந்த மார்ச்சில், வேலை போனது கோச் கைல் நெப்டியூனுக்கு. தோற்றால் தலை உருள்வது கோச்சுக்கு, அணியைக் கட்டியதில் கை இருவருக்கும். இதுதான் எனக்கு உறுத்துகிறது.

---

கணக்கப்பிள்ளை | 17 ஜூலை

உறுத்தட்டும். பிடிக்காத கல்யாணம் மாதிரி பத்து வருஷம் ஓடும், பிறகு என்பிஏவைப் போல ஜிஎம் மேலே, கோச் கீழே என்று ஆகும் என்பது என் ஊகம். பந்தயம் கட்ட மாட்டேன்.

அதற்கு முன்னால் பெரிய ஓட்டை ஏஜென்ட் பக்கம். என்பிஏவில் ஆட்டக்காரர் சங்கம் இருக்கிறது. ஒப்பந்தத்தில் ஏஜென்ட் 4 சதவீதத்துக்கு மேல் வாங்க முடியாது. கல்லூரியில் சங்கமும் இல்லை, வரம்பும் இல்லை. 19 வயதுப் பையன் எதில் கையெழுத்துப் போட்டான் என்பது பல நேரம் அவன் வீட்டுக்கே தெரியாது. இன்னொரு பக்கம், 600 டாலர் தொட்டாலே வெளி ஒப்பந்தம் எல்லாம் டெலாய்ட் நடத்தும் என்ஐஎல் கோ என்ற வாசலில் காட்டி அனுமதி வாங்க வேண்டும். நன்கொடையாளர்கள் சேர்ந்து நடத்தும் கலெக்டிவ் பணம் அதில் தேறுமா தேறாதா என்று இந்த வாரம் வரை இழுபறி. ஏப்ரலில் பையனுக்கு ஒரு தொகை சொல்லியாகிவிட்டது, ஜூலையில் வாசல்காரன் முடியாது என்கிறான். யார் போய் அந்தப் பாட்டியிடம் சொல்வது?

---

ஃப்ரிஸ்கோ_அம்மா | 17 ஜூலை

அந்தப் பாட்டியை எனக்குப் பிடிச்சிருக்கு. எங்க வீட்டு வில்லைலயும் ‘அம்மா (அவங்க கிட்ட மட்டும் பேசு)’ன்னே எழுதிக்கட்டும். ஏஜென்ட்னு எவனாவது வந்தா முதல்ல எத்தனை சதவீதம்னு கேக்கறேன்.

---

முக்கோணவாசி | 19 ஜூலை

இன்று காலை அப்பாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன், காந்த வில்லை, எக்செல், எம்ஆர்ஐ, விசா உட்பட. பொறுமையாகக் கேட்டார். "எந்த வண்டி எந்த லைன்ல வரணும், எது லூப் லைன்ல நிக்கணும், கார்டு எங்க, தண்ணி ரொப்பியாச்சா, இதையெல்லாம் பார்க்கறவன் ஜிஎம் இல்லடா, ஸ்டேஷன் மாஸ்டர். அவனுக்கு எட்டரை லட்சம் டாலரா?" என்றார். பிறகு, "குடுக்கலாம்" என்றார்.

---

பெஞ்ச்சில்_12வது | 19 ஜூலை

அப்பா சொன்னதை எங்க சார்கிட்ட இங்கிலீஷ்ல சொன்னேன். சிரிக்கக்கூட நேரம் இல்லை. நாளைக்குக் காலைல 6 மணிக்கு ஏர்போர்ட் போய் ஏழடிப் பையனைக் கூட்டிட்டு வரணும், வேன் நான்தான் ஓட்டறேன். விசா வந்துடுச்சு, கிரெடிட் ஏறிடுச்சு, வில்லை பச்சை. கட்டில் இன்னும் மாடிப்படிலதான் நிக்குது.